இரண்டரைக்கு மூன்றரை: தபால் அட்டைக்காரருக்கு அச்சகத்து வெட்டுத்துண்டு

தபாலில் அனுப்புவதற்குச் சின்னச் சின்ன ஓவியம் செய்கிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் நல்ல கடை எது என்று கேட்டால், நான் சித்திரப் பொருள் விற்கிற கடை எதையும் சொல்லமாட்டேன். அச்சகத்துக்குப் போங்கள் என்பேன். கஸ்தூரியார் வீதியிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கைக்குள், கலியாண அட்டையும் கல்வெட்டும் (இறந்தவர் நினைவாக அடிக்கிற புத்தகம்) அடிக்கிற பழைய அச்சகம் ஒன்றில்தான் நான் மட்டை எடுக்கிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று முதலாளி அண்ணை சொல்லிவிட்டார். "ரீச்சர், நீங்கள் எழுதிப்போட்டு, நாளைக்கு ரவுணிலை இருக்கிற பிள்ளையள் எல்லாம் வந்து நிண்டா நான் எப்பிடி வேலை செய்யிறது?" என்பது அவருடைய நியாயம். சரி, பரவாயில்லை. வெட்டும் மெசின் வைத்திருக்கிற எந்த அச்சகத்துக்கும் நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் நான் என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அகலம் இரண்டரை அங்குலம், உயரம் மூன்றரை அங்குலம். மில்லிமீற்றரில் 64க்கு 89. விளையாடுகிற காட்ஸ் அளவு. இந்த அளவை நான் கண்டுபிடிக்கவில்லை. 1997இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் வான்சி ஸ்டிர்னமான் என்ற கலைஞர் இப்படிச் சின்ன அட்டைகளைச் செய்து வைத்து, யார் வேண்டுமானாலும் தங்கள் அட்டையோடு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று தொடக்கிவைத்தார். விற்கக்கூடாது, மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும் என்பதே அதன் முக்கியக் கட்டுப்பாடு. அதற்கும் முன்னால், 1950களிலேயே, நியூயோர்க்கில் ரே ஜோன்சன் என்பவர் ஒட்டுச் சித்திரங்களை வெட்டி உறைக்குள் போட்டுத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். அளவு சூரிச்சுடையது, வேலை நியூயோர்க்காருடையது. மாற்றாக ஒன்று வரவேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. ரொறன்ரோவில் இருக்கிற பெறாமகளுக்கு, பாரிஸில் இருக்கிற மச்சாளுக்கு, படிப்பித்த பிள்ளைகளில் விலாசம் தந்தவர்களுக்கு, சிலவேளை ஒரு முதியோர் இல்லத்தில் கடிதமே வராதவர்களுக்கு என்று போகும். வேப்பம்பூ, கிடுகு வேலி, சைக்கிள் கரியரில் கட்டின புல்லுக்கட்டு, நல்லூர்த் திருவிழாக் காலத்து மணல், பண்ணைக் கடலில் நிற்கிற களங்கண்ணி வலைக் கம்பு இவைதான் என் விசயங்கள்.

இப்படி அட்டை செய்கிறவருக்குத் தேவையான மட்டையைத் தீர்மானிக்கிறது தபால்தான், ஓவியம் அல்ல. வீட்டுச் சுவரில் தொங்கப்போகிற படத்துக்குத் தாள் வளைந்தால் சட்டத்துக்குள் அடக்கிவிடலாம். தபாலில் போவது பைக்குள் நசுங்கும், மற்றக் கடிதங்களோடு உரசும், முத்திரைக்கு மேல் திகதிச் சீல் விழும், கொழும்புக்குப் போய் மத்திய தபால் பரிமாற்றகத்தில் பிரிபட்டு, பிறகு விமானம் ஏறி, போய்ச் சேருகிற ஊரின் குளிரில் காயும். தட்டையாக இருக்கவேண்டும், பாரமில்லாமல் இருக்கவேண்டும், நாலு மூலையும் நேராக இருக்கவேண்டும், காய்ந்தாலும் நனைந்தாலும் சுருளக்கூடாது. சதுர மீற்றருக்கு 300 கிராம் மட்டையில் வெட்டின ஒரு அட்டை ஏறத்தாழ 1.7 கிராம் வரும். சாதாரணப் போட்டோக்கொப்பித் தாள் ஒன்றே 5 கிராம். ஆக, பாரம் பிரச்சினை இல்லை. மற்ற மூன்றும்தான் பிரச்சினை.

ரவுணில் புத்தகக் கடைகளில் கிடைக்கிறவற்றை ஒருக்கால் பார்ப்போம். சித்திரக் கொப்பித் தாள் மெல்லிசு. இரண்டாவது முறை தண்ணீர் பட்டால் பொருக்கு எழும்பும். பிறிஸ்டல் போட் எல்லாக் கடையிலும் இருக்கிறது, விலையும் தாங்கும், நிறங்களும் கனக்க. ஆனால் சுருட்டித்தான் தருவார்கள். சுருட்டின மட்டை வீட்டுக்கு வந்து பாரம் வைத்து அடுக்கினாலும் ஒரு நினைப்போடு வளைந்தே நிற்கும். பிறகு அதை நான் கத்தரிக்கோலாலும் அடிமட்டம் வைத்துப் பிளேட்டாலும் வெட்டவேண்டும். கையால் வெட்டின அட்டை ஒன்றுக்கு ஒன்று ஒரு மில்லிமீற்றர் பிசகும். தனியே பார்த்தால் தெரியாது, அடுக்கி வைத்தால் கண்ணில் குத்தும். வெளிநாட்டு நீர்வர்ணத் தாள் கொப்பி ஒன்றிரண்டு கடையில் வருகிறது. தாள் அருமை. விலையைப் பார்த்தால், இலவசமாக அனுப்பிவிடுகிற ஒன்றுக்கு இது எதற்கு என்று கை பின்வாங்கும். விலை ஏறின தாளில் பயந்து பயந்துதான் கீறுவோம். பயந்து கீறினால் கோடு நடுங்கும். எனக்கு வீணாக்கத் தாராளமான மட்டை வேண்டும்.

அது அச்சகத்தில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றுக்குள் நீங்கள் போகாதவர் என்றால், அதில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். முழுத்தாள் வருகிறது, அதில் அடிக்கிறார்கள், அடித்ததை அளவுக்கு வெட்டுகிறார்கள். வெட்டுகிற ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஒரு கீலம் மிஞ்சும். கலியாண அட்டை வெட்டினால் மூன்று, நாலு அங்குல அகலத்தில் நீளக் கீலம். கலண்டர் மட்டை வெட்டினால் இன்னும் அகலம். கல்வெட்டுப் புத்தக அட்டை வெட்டினால் ஒடுங்கல். என் அட்டைக்குத் தேவையானது மூன்றரை அங்குலக் கீலம்தானே. அவர்களுக்குக் கழிவு, எனக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி.

இந்த அண்ணை கீலங்களை எறிவதில்லை. மெசினுக்குப் பின்னால் சுவரோரம் பழைய பழப்பெட்டிகளில் தடிப்பு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். காரணம் கேட்டேன். போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்த ஊர் இது. அந்தக் காலத்தில் தொழில் பழகினவருக்குத் தாளை எறியக் கை வராது. 2022இல் மறுபடியும் அப்படி ஒரு நிலை. அந்த மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தாள் இல்லாமல் தள்ளிப்போனது. "அப்ப இந்தப் பெட்டியள்தான் ரீச்சர் என்ரை சோறு" என்றார். துண்டுத் தாளில் பில் கொப்பி அடித்துக் கொடுத்தாராம். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த ஊரில், ஒரு கீலம் மட்டையும் வீண்போகக்கூடாது என்று நினைக்கிற ஆள் இன்னும் இருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் புளுகம்தான்.

இனி மட்டை வகை. இதுதான் இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களுக்குப் பயன்படப்போகிற பகுதி, அதனால் ஆறுதலாகச் சொல்கிறேன்.

அச்சகத்தில் 'ஆர்ட் போட்' என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் பளபளப்பு. வெள்ளைக் களிமண், சுண்ணாம்பு மாதிரியான பொருட்களைப் பூச்சாகப் பூசி அழுத்தின மேற்பரப்பு. அச்சு மை அதில் அழகாக நிற்கும். நீர்வர்ணம் நிற்காது; சேம்பிலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடும். புதியவர்கள் அதன் வெண்மையைப் பார்த்து மயங்கி அதைத்தான் முதலில் தூக்குவார்கள். தூக்கவேண்டாம். ஒட்டுச் சித்திரத்துக்கு அடிமட்டையாகப் பாவிக்கலாம், அக்ரிலிக் தடிப்பாகப் பூசலாம், மார்க்கர் பேனை ஓடும். அவ்வளவுதான்.

'ஐவரி போட்' என்று கேளுங்கள். இதில் ஒரு பக்கம்தான் பூச்சு, மற்றப் பக்கம் வெறும் மட்டை. எது எந்தப் பக்கம் என்று வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தால் தெரியும். தெரியாவிட்டால் ஈர விரலை ஓரத்தில் வைத்துப் பாருங்கள். பூச்சுப் பக்கம் ஈரம் மேலே நிற்கும், மற்றப் பக்கம் உடனே உள்ளே இழுத்துக் கறுக்கும். நான் வெறும் பக்கத்தில் கீறுகிறேன், பூச்சுப் பக்கத்தில் விலாசமும் இரண்டு வரியும் எழுதுகிறேன். பேனை மை பரவாமல் நிற்கும். 250, 300 கிராம் இரண்டும் நல்லது. அதற்கு மேல் போனால் உறை புடைக்கும்.

கலியாண அட்டைக் கீலங்கள் தனி உலகம். குங்குமச் சிவப்பு, மஞ்சள், முத்து மினுக்கம், துணி நெய்த மாதிரிப் பதிவு போட்டது என்று தை, ஆவணி முகூர்த்தங்களுக்குப் பிறகு பெட்டி நிறைந்திருக்கும். இவற்றின் மேல் ஓவியம் கீறினால் மட்டையே ஓவியத்தை விழுங்கிவிடும். வெட்டி ஒட்டத்தான் சரி. சிவப்புக் கீலத்தில் கோயில் மதிற்கோடு வெட்டி வெள்ளை மட்டையில் ஒட்டினால் வேறு ஒன்றும் தேவையில்லை.

பத்திரிகைத் தாள் எடுக்கவேண்டாம். மரக்கூழின் லிக்னின் அதில் அப்படியே இருப்பதால் வெயில் பட்டால் கொஞ்சக் காலத்தில் பழுத்துவிடும், பிறகு நொறுங்கும். வாங்குகிறவர் அட்டையை ஜன்னலோரம் வைக்கிறவராயிருந்தால் பரிதாபம்.

அண்ணையிடம் நான் கற்றதில் பெரியது நார் விசயம். தாள் மெசினில் ஓடும்போது கூழில் உள்ள நார்கள் ஓடுகிற திசைக்கே படுத்துக்கொள்கின்றன. ஈரம் பட்டால் ஒவ்வொரு நாரும் நீளத்தில் அவ்வளவாக வளராது, தடிப்பில்தான் ஊதும். அதனால் மட்டை நாருக்குக் குறுக்காக விரிந்து, நார் ஓடுகிற பக்கத்தை அச்சாக வைத்துச் சுருளும். என் அட்டையில் நார் நீளப் பக்கமாக ஓடினால் சுருளுகிறது 64 மில்லிமீற்றர் அகலம் மட்டும். குறுக்காக ஓடினால் 89 மில்லிமீற்றரும் வில்லாக எழும்பும். மாரி காலத்தில், மேசையில் வைத்த தாள் தானாகவே நெளிகிற கார்த்திகை மழையில், இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். எந்தப் பக்கம் நார் என்று பார்ப்பது லேசு: மட்டையை இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் மடிகிறதோ அந்த மடிப்புக்கோட்டின் வழிதான் நார். மடிக்கிற வாழ்த்து அட்டை செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நாருக்குக் குறுக்காகப் பூச்சு மட்டையை மடித்தால் மடிப்பில் பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும்.

வெட்டுகிறவர் ஒரு தம்பி. அவர் வேலையைப் பார்க்கவென்றே நான் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பதுண்டு. கீலங்களை ஒரு கை உயரத்துக்கு அடுக்கி, மேசையில் தட்டித் தட்டி ஓரத்தை ஒன்றாக்குவார். பின்சட்டத்தோடு சேர்த்துத் தள்ளுவார். சில்லைச் சுற்றி அளவை வைப்பார். அச்சகத்தில் மில்லிமீற்றர் யாரும் பேசுவதில்லை, "ரெண்டரைக்கு மூண்டரை" என்றால் போதும். அமுக்குத்தடி இறங்கி அடுக்கைப் பிடித்ததும், இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அமுக்குவார். கை இரண்டும் வெளியில் இருந்தால்தான் கத்தி இறங்கும், அதற்கான ஏற்பாடு அது. கத்தி நேரே கீழே விழாமல் சற்றுச் சரிந்து இழுத்துக்கொண்டு இறங்கும். சத்தம் பெரிதாக இல்லை. அடுக்கைத் திருப்பி அடுத்த பக்கம். முடிந்ததும் விரலால் ஓரத்தைத் தடவினால் நூறு மட்டை ஒரே கட்டையாக இருக்கும். 20க்கு 30 அங்குல முழுத்தாள் ஒன்று வாங்கினால் கணக்குப்படி 64 அட்டை வரும், நீளத்தில் இரண்டு அங்குலம் மிஞ்சும். அந்த இரண்டங்குலத்தையும் அவர் எனக்குத் தந்துவிடுவார். புத்தகக் குறிக்கு ஆகும்.

நல்லதை மட்டும் சொன்னால் விமர்சனம் ஆகாது. இந்த இடத்தின் குறைகள் இவை. நேற்று இருந்த மட்டை இன்று இராது. ஒரே மாதிரி மட்டையில் ஒரு தொடர் செய்யவேண்டும் என்று திட்டம் போடுகிறவர்கள் கீலப் பெட்டியை நம்பக்கூடாது, முழுத்தாள் காசு கொடுத்து வாங்கவேண்டும். சில கீலத்தின் ஓரத்தில் நிறச்சோதனைப் பட்டையும் வெட்டுக்குறியும் அச்சாகி இருக்கும். அதைத் தள்ளி வெட்டினால் அளவு குறையும். சிலவற்றில் மேலே இருந்த தாளின் மை பின்பக்கம் ஒட்டியிருக்கும். கத்தியில் எங்கேயாவது ஒரு சின்னப் பல் விழுந்திருந்தால், அடுக்கில் உள்ள அத்தனை மட்டை ஓரத்திலும் அதே இடத்தில் ஒரு கீறல் வரும். தம்பியிடம் சொன்னால் அடுக்கை நகர்த்தி வைத்து வெட்டுவார், ஆனால் நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும். தூசி. மண்ணெண்ணெயும் மையும் கலந்த மணம் மட்டையில் கொஞ்ச நாள் நிற்கும்; இழைப்பு உள்ளவர்களுக்கு அனுப்புவதென்றால் காற்றாடப் போட்டு எடுங்கள். இருக்க ஒரு கதிரை கிடையாது. நீர்வர்ணத்தை மட்டும் வைத்து, ஈரத்தின் மேல் ஈரம் விட்டு வேலை செய்கிறவருக்கு ஐவரி போட்டின் வெறும் பக்கமும் முழுத் திருப்தி தராது. அவர் விலை கூடின பருத்தித் தாளையே வாங்கவேண்டும், அதற்கு மாற்று இல்லை.

மட்டைக்கு அடுத்ததாக எல்லோரும் கேட்பது பனையோலை. யாழ்ப்பாணத்தில் இருந்து அனுப்புகிறோம், ஓலை இல்லாமல் எப்படி என்பார்கள். பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தில் பெட்டி, குட்டான், விசிறி என்று பின்னின பொருள் கிடைக்கும். ஆனால் அட்டைக்குத் தேவையானது பின்னாத ஓலை. அதற்கு ஊரில் பின்னுகிற அம்மா யாரையாவது பிடிக்கவேண்டும். குருத்தோலைதான் வேண்டும், விரியாத குருத்து வெளிறின நிறமாக, மெல்லிசாக, சாயம் நன்றாகப் பிடிக்கும். சார்வோலை தடிப்பு, தபாலுக்கு ஆகாது. சாயத்தைக் கொதிநீரில் கரைத்து ஓலையைப் போட்டு அவித்து எடுப்பார்கள். எனக்குத் தருகிற அம்மா, "ஈர்க்கைக் கிழிச்சுப்போட்டு, ஈரச்சீலையிலை சுத்தி வைச்சிட்டுப் பின்னு பிள்ளை. காஞ்ச ஓலை சொல்வழி கேளாது" என்றார். உண்மை. ஈரம் ஏறின ஓலை வளையும், காய்ந்தது நார்வழியே பிளக்கும்.

ஓலையைத் தபாலில் அனுப்புவதில் இருக்கிற வில்லங்கம் திகதிச் சீல். தபாலகத்தில் கையால் ஓங்கிக் குத்துகிற சீலின் அடி உறையைத் தாண்டி உள்ளே இறங்கும். ஓலை மேலே ஒட்டி நின்றால் அந்த இடத்தில் வெடிக்கும். அதனால் நான் மேலே ஒட்டுவதில்லை. மேல் மட்டையில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, ஓலைப் பின்னலை அதற்குப் பின்னால் வைத்து, கீழே இன்னொரு மெல்லிய மட்டையால் மூடிவிடுகிறேன். பின்னல் ஜன்னலுக்குள் தாழ்ந்து இருக்கும், அடி மேல் மட்டையில் விழும். அப்புறம், உறைக்குள் அட்டையை முத்திரைக்கு நேரே படாமல் இடதுகைப் பக்கக் கீழ் மூலையில் இரண்டு சொட்டுப் பசையால் நிறுத்திவிடுவேன்.

ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறவர்கள் ஓலை, விதை, உமி, காய்ந்த பூ எதையும் ஒட்டாமல் இருப்பது புத்தி. தாவரப் பொருள் விசயத்தில் அந்த நாட்டுக்காரர் தபாலைக் கிண்டிப் பார்ப்பார்கள்; குன்றிமணி ஒட்டின அட்டை உரியவர் கைக்குப் போகாது. குன்றிமணி எங்குமே வேண்டாம், அது நஞ்சு, பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போகிற கடிதத்தில் சரிவராது.

பசை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோதுமைமாக் கூழ் காய்ச்சி ஒட்டினால் மலிவு, ஆனால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. பழைய புத்தகம் கட்டுகிறவர்கள் அதற்காகவே கூழுக்குள் மயில்துத்தம் போடுவார்கள்; அதுவும் நஞ்சு, வீட்டில் செய்யவேண்டாம். பைண்டர் கம் போதும். மெல்லிசாகப் பூசி, மேலே ஒரு தடித்த புத்தகம் வைத்து இரவு முழுக்க விட்டால் காய்ந்து கண்ணாடியாகிவிடும். ஜிகினா ஒட்டவேண்டாம். பெறாமகள் வீட்டுக் கம்பளத்தில் அது இன்னும் கிடக்கிறதாம்.

இனித் தபால். என் அட்டையை வெறுமனே முத்திரை ஒட்டிப் போடமுடியாது. சர்வதேசத் தபால் விதிப்படி ஒரு கடிதத்தின் ஆகக் குறைந்த அளவு 90க்கு 140 மில்லிமீற்றர். 64க்கு 89 அதைவிடச் சின்னது, ஆகவே உறை கட்டாயம். சாதாரண நீள உறையை விட, வாழ்த்து அட்டை உறை நல்லது. நான் அதையும் அச்சகத்திலேயே கேட்டு எடுக்கிறேன், கலியாண அட்டைக்கு வந்த உறையில் கறை பட்டது, பசை விட்டது என்று ஒதுக்கின கட்டு எப்போதும் கிடக்கும். உள்ளே அட்டைக்குப் பின்னால் உறையளவுக்கு ஒரு ஐவரிக் கீலம் வைத்தால் வளையாது. உள்நாட்டுச் சாதாரண கடிதக் கட்டணம் 2022 ஓகஸ்டில் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக ஏறினது. அதற்குப் பிறகு, இரண்டு தெரு தள்ளி இருக்கிறவருக்கும் தபாலில் அனுப்புகிற என் பழக்கத்தை வீட்டில் ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள். வெளிநாட்டுக்கு நிறுத்துப் பார்த்துத்தான் சொல்வார்கள். கந்தோரில் நிறுக்க முன் ஒட்டிவிடவேண்டாம், முத்திரை கழற்ற வராது.

எந்தத் தபாலகம் என்று கேட்கிறீர்கள். ஓர் இடத்தில், எந்த இடம் என்று சொல்லமாட்டேன், யன்னலில் இருந்தவர் என் உறையைத் தடவிப் பார்த்து, உள்ளே தடிப்பாக ஏதோ இருக்கிறது, பொதியாகத்தான் எடுப்பேன் என்று நின்றார். அதில் இருந்தது இரண்டு மட்டை. திறந்து காட்டினேன், அப்போதும் அவருக்குத் திருப்தி இல்லை. எங்கள் ஊர் உப தபாலகத்தில் இந்தக் கதை இல்லை. அங்கே இருக்கிற அக்கா உறையை வாங்கி, "இண்டைக்கு என்ன ரீச்சர் கீறினீங்கள்?" என்று கேட்டு, நிறுத்து, ஒரே பெரிய முத்திரையாகத் தராமல் சின்ன முத்திரைகளாக, படம் நல்லதாகப் பார்த்துத் தருவார். சீலையும் மூலையில் மெல்லக் குத்துவார். சின்ன உப தபாலகத்துக்குப் போங்கள், அதே ஆளிடம் திரும்பத் திரும்பப் போங்கள். பதிவுத் தபால் தேவையில்லை; கையொப்பம் வைக்க வீட்டில் ஆளில்லாமல் திரும்பி வருகிற கடிதம் பதிவுத் தபாலில்தான் கூடுதல்.

போய்ச் சேருகிறதா என்றால், பெரும்பாலும் சேருகிறது. எப்போது என்று கேட்கக்கூடாது. பாரிஸ் மச்சாள் கிடைத்ததும் வட்சப்பில் படம் எடுத்துப் போடுவா. ரொறன்ரோக்காரி ஒன்றும் சொல்லமாட்டாள், அங்கே போய்வந்த ஆள் யாராவது வந்து குளிரூட்டிக் கதவு முழுக்க ஒட்டி வைத்திருக்கிறாள் என்று சொன்னால்தான் தெரியும்.

அச்சகத்துக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்பு. விலை கீலத்துக்கு நிறையில்தான், பெட்டிக்குள் கை விட்டுப் பொறுக்கிக்கொண்டு தராசில் வையுங்கள். வெட்டுகிறதுக்குத் தனிக் கூலி. அதில் பேரம் பேசவேண்டாம், மெசினை நிறுத்தி உங்களுக்காக அளவு மாற்றுகிற வேலை அது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே அளவாகக் கேட்டால் கூலி பிரியும். உரப்பை கொண்டுபோகவேண்டாம், மூலை மடியும். ஒரு மட்டைப்பெட்டி கொண்டுபோங்கள். ஐப்பசி பிறந்தால் கலண்டர் வேலை தொடங்கிவிடும், தைப்பொங்கல் முடியும்வரை யாரும் உங்களை நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். பொங்கலுக்குப் பிறகு, காலை பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் போனால் பெட்டியும் நிறைவு, தம்பிக்கும் ஓய்வு. வாசலில் நின்று பார்த்து, உள்ளே யாராவது ஒருவருடைய படத்தை வைத்துக் கல்வெட்டுக்கு ஒப்புப் பார்த்துக்கொண்டிருந்தால் திரும்பிவிடுங்கள். இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு முதல் கொடுக்கவேண்டிய வேலை அது. அன்றைக்கு உங்களுக்கு மட்டை வெட்ட ஆள் இராது.